தன்னார்வலர்கள் நடத்தும் சைக்கிள் கிளப்பில் பூசல்களைத் தீர்ப்பதும் உறுப்பினர் நலன் காப்பதும்: முழுமையான வழிகாட்டி

சம்பளம் வாங்கும் ஊழியர் ஒருவரும் இல்லாமல், விடுமுறை நாளின் அதிகாலையைக் கொடுக்க மனமுள்ள சிலரால் மட்டுமே ஓடிக்கொண்டிருக்கும் சைக்கிள் கிளப்பில் பூசல் எழுந்தால், அதைக் கையாள்வது அலுவலகப் பூசலைக் கையாள்வதைவிடக் கடினம். அலுவலகத்தில் மேலாளர் இருப்பார், ஊதியம் என்ற பிடி இருக்கும், பேச விருப்பமில்லாதவர்கள் தனித்தனி அறைகளில் உட்கார்ந்துகொள்ளலாம். கிளப்பிலோ புகார் சொல்பவரும், புகாருக்கு ஆளானவரும், அதை விசாரிக்க வேண்டியவரும் பல ஆண்டு நண்பர்களாக இருப்பார்கள். அதோடு, மறுவாரமே ஒருவருடைய பின்சக்கரத்துக்கு அரை மீட்டர் பின்னால் மற்றவர் மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டியாக வேண்டியிருக்கும். முன்னால் செல்பவர் குழியைக் கைகாட்டுவார், திடீரென்று பிரேக் பிடிக்கமாட்டார் என்ற நம்பிக்கையில்தான் பின்னால் வருபவரின் உடல் பத்திரமாக இருக்கிறது. ஆகவே இங்கே மனக்கசப்பு மனத்தோடு நிற்பதில்லை; சாலையிலும் அது வெளிப்படும்.

கிளப்கள் பெரும்பாலும் தடுமாறுவது தீர்ப்புச் சொல்லும் இடத்தில் அல்ல, தம்மிடம் வந்த விஷயம் எந்த வகையைச் சேர்ந்தது என்று பிரிக்கும் இடத்தில்தான் என்பது என் கருத்து. வெறும் கருத்து வேறுபாட்டைக் குற்றம்போல் விசாரித்து இருவரையும் பகைவர்களாக்குவதும், உண்மையான அத்துமீறலை ‘இருவரும் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்’ என்று தள்ளிவிடுவதும் இந்தப் பிழையின் இரு முகங்கள். எனவே வகைப்படுத்துவதிலிருந்தே தொடங்குகிறேன்.

முதல் படி: வந்த விஷயத்தை வகைப்படுத்துங்கள்

நிர்வாகக் குழுவின் காதுக்கு வரும் ஒவ்வொன்றையும் மூன்று வகைகளில் ஒன்றில் வைக்கலாம்.

முதல் வகை கருத்து வேறுபாடு. வேகம், பாதை, புறப்படும் நேரம், மின்சார உதவியுள்ள வண்டிகளைச் சேர்த்துக்கொள்ளலாமா, ஜெர்சியின் நிறம் என்ன என்பவை எல்லாம் இதில் அடங்கும். (கிளப்களின் மிக நீண்ட கூட்டங்கள் ஜெர்சியின் நிறத்தைப் பற்றியவையாகவே இருப்பதற்கு எனக்கு இதுவரை விளக்கம் கிடைத்ததில்லை.) இங்கே தவறு செய்தவர் என்று ஒருவரும் இல்லை, தேவைப்படுவது பேச்சும் ஒரு முடிவும் மட்டுமே.

இரண்டாம் வகை நடத்தை பற்றிய புகார். சிவப்பு விளக்கில் குழுவையே இழுத்துக்கொண்டு போவது, கூட்டத்துக்குள் ஆபத்தாக ஓட்டுவது, ஒருவரைத் தொடர்ந்து கேலி செய்வது, கிளப் பணத்துக்குக் கணக்குக் காட்டாமல் இருப்பது போன்றவை. இதற்கு எழுதி வைக்கப்பட்ட விசாரணை முறை வேண்டும்.

மூன்றாம் வகை ஒருவரின் பாதுகாப்புக்கு நேரும் ஆபத்து. பாலியல் தொல்லை, உடல்ரீதியான தாக்குதல், மிரட்டல், சிறுவர் சிறுமியரைப் பற்றிய கவலை, உயிரை மாய்த்துக்கொள்வது பற்றிய பேச்சு ஆகியவை இதில் வரும். இதை கிளப் தனியாகத் தீர்க்கவும் கூடாது, தீர்க்கவும் முடியாது.

எந்த வகை என்று ஐயம் வந்தால் ஒரு படி கடுமையான வகையில் வைத்துப் பாருங்கள். பின்னர் இறக்கிக்கொள்வது எளிது, ஏற்றுவதுதான் கடினம். ஒரே புகாரில் இரண்டு வகைகள் கலந்திருப்பதும் உண்டு. ‘அவர் வேகமாக ஓட்டுகிறார்’ என்று தொடங்கும் பேச்சு, பத்து நிமிடம் பொறுமையாகக் கேட்டால், ‘அவர் என்னை மட்டும் வேண்டுமென்றே பின்னால் விட்டுவிட்டுப் போகிறார்’ என்று முடியக்கூடும்.

இரண்டாம் படி: பிரச்சினை வருமுன்னே ஆட்களையும் தாள்களையும் தயார் செய்யுங்கள்

நடத்தை விதிகள் ஒரு பக்கத்துக்குள் அடங்க வேண்டும். அதற்கு மேல் நீண்டால் படிக்கமாட்டார்கள். புகார் முறை இன்னொரு பக்கம். சேரும்போதும் ஆண்டுதோறும் புதுப்பிக்கும்போதும் உறுப்பினர் இரண்டையும் ஏற்றுக் கையொப்பமிடட்டும். விதியை முன்கூட்டியே எழுதிவைக்காமல், ஒருவர் மீறிய பிறகு அவருக்காகவே எழுதினால் அது விதியாக அல்ல, பழிவாங்கலாகவே தோன்றும்.

நலப் பொறுப்பாளர்களாக இருவரை நியமியுங்கள். ஒருவர் மட்டுமே இருந்தால், புகார் அவர்மீதோ அவருடைய நெருங்கிய நண்பர்மீதோ வரும்போது உறுப்பினர் போக இடம் இருக்காது. இருவரும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவர்களாகவோ, தலைவரின் துணைவராகவோ இருக்கக் கூடாது. இயன்றால் ஒருவராவது பெண்ணாக இருக்கட்டும். கிளப்பிலேயே வேகமாக ஓட்டுபவரை இந்தப் பொறுப்பில் அமர்த்தும் வழக்கம் உண்டு, ஆனால் அவர் குழுவின் முன்பக்கத்தை மட்டுமே பார்த்திருப்பார். கடைசியில் வருபவர்களோடு பேசிக்கொண்டே ஓட்டும் பழக்கமுள்ளவரே இதற்கு ஏற்றவர்.

நலப் பொறுப்பாளரின் வேலை கேட்பது, வழிகாட்டுவது, உரியவரிடம் சேர்ப்பது ஆகியவை. விசாரிப்பதும் தீர்ப்பளிப்பதும் அவர் வேலை அல்ல. அவரிடம் மனம்விட்டுப் பேசியவர், நாளை அவரே நீதிபதியாக எதிரில் உட்கார்ந்திருப்பதைக் கண்டால், கிளப்பில் இனி எவரிடமும் மனம் திறக்கமாட்டார்.

மூன்றாம் படி: வேகத்தைப் பற்றிய பூசலைப் புறப்படுமுன்னே தீர்த்துவிடுங்கள்

சைக்கிள் கிளப்பின் பூசல்களில் பெரும்பகுதி எந்தப் பெயரில் வந்தாலும் அடியில் வேகத்தைப் பற்றியதாகவே இருக்கும். இதற்கு மனிதக் குணம் மட்டும் காரணமன்று, காற்றும் காரணம். காற்றின் எதிர்ப்பை வெல்லத் தேவைப்படும் திறன் வேகத்தின் மும்மடிக்கு ஏற்ப உயர்கிறது. மணிக்கு 25 கிலோமீட்டரிலிருந்து 30 கிலோமீட்டராகக் கூட்டினால் வேகம் கூடுவது 20 சதவீதம்தான். ஆனால் காற்றுக்காக மட்டும் செலவாகும் திறன் 70 சதவீதத்துக்கும் மேல் கூடுகிறது. முன்னால் இருக்கும் வலுவானவருக்கு ‘கொஞ்சம்தானே கூட்டினேன்’ என்று தோன்றுவது, கடைசியில் இருப்பவருக்கு மூச்சு முட்டும் பாரமாகிவிடுகிறது. அவர் ஒரு வண்டி நீளம் பின்தங்கி முன்னவரின் காற்று மறைப்பை இழந்தால், அதே வேகத்துக்கு இன்னும் அதிகமாக உழைக்க வேண்டியிருப்பதால் மேலும் பின்தங்குவார். இந்தக் கணக்கை ரைடு லீடர்கள், அதாவது கிளப்பின் கூட்டுப் பயணங்களை முன்னின்று நடத்துபவர்கள், ஒருமுறை புரிந்துகொண்டால், ‘அவருக்கு முயற்சி போதாது’ என்ற பேச்சு பெருமளவு நின்றுபோகும்.

எனவே ஒவ்வொரு ரைடையும் அறிவிக்கும்போது தூரம், எதிர்பார்க்கும் சராசரி வேகம், ஏற்றங்களின் அளவு, நிற்கும் இடங்கள் ஆகியவற்றோடு, பின்தங்குபவருக்காகக் குழு காத்திருக்குமா இல்லையா என்பதையும் தவறாமல் சொல்லுங்கள். காத்திருக்காத ரைடு நடத்துவது குற்றமல்ல; காத்திருப்பதாகச் சொல்லிவிட்டுக் காத்திருக்காமல் போவதுதான் குற்றம். காத்திருக்கும் ரைடில், பாதை தெரிந்த அனுபவசாலி ஒருவர் கடைசியில் வர வேண்டும். அவருக்கும் முன்னால் இருப்பவருக்கும் தொலைபேசித் தொடர்பு இருக்க வேண்டும். ஒவ்வொரு நிறுத்தத்திலும் தலைகளை எண்ண வேண்டும். பின்தங்கியவர் வந்து சேர்ந்த நொடியே மற்றவர்கள் கிளம்புவது பரவலான, இரக்கமற்ற பழக்கம்: இளைப்பாறியவர்கள் மீண்டும் ஓட்டுகிறார்கள், இளைத்து வந்தவருக்கு மட்டும் ஓய்வில்லை. அவர் தண்ணீர் குடித்து, ‘போகலாம்’ என்று சொன்ன பிறகே புறப்பட வேண்டும்.

இணையாக ஓட்டும்போது பக்கத்தில் இருப்பவரைவிட எப்போதும் அரைச் சக்கரம் முன்னால் இருப்பவர், தம்மை அறியாமலே முழுக் குழுவின் வேகத்தையும் ஏற்றிக்கொண்டிருப்பார். அவரிடம் ‘மெதுவாகப் போங்கள்’ என்பதைவிட, ‘பக்கத்தில் இருப்பவரின் கைப்பிடிக்கு நேராக உங்கள் கைப்பிடி இருக்கட்டும்’ என்றால் உடனே புரியும். மின்சார உதவியுள்ள வண்டிகளைப் பற்றிய சச்சரவும் இதே இயல்புடையதுதான். அவை ஏற்றத்தில் முந்தும். உதவி நின்றுபோகும் வேகத்துக்கு மேல், கனமான வண்டியைத் தனித்து மிதிக்க வேண்டியிருப்பதால் சமதளத்தில் பின்தங்கும். வண்டி எது என்று பார்க்காமல் குழுவின் வேகத்துக்குள் நிற்கிறாரா என்று மட்டும் பார்த்தால் சச்சரவுக்கு இடமிருக்காது.

ஓடும் வண்டியில் வாக்குவாதம் வேண்டாம். ஆபத்தான செயலைக் கண்டால் ‘இடப்பக்கம் ஒதுங்குங்கள்’, ‘இடைவெளி விடுங்கள்’ என்பதுபோல் இரண்டு சொற்களில் திருத்தம் சொல்லுங்கள். காரணத்தையும் கண்டனத்தையும் அடுத்த நிறுத்தத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

நான்காம் படி: முதலில் நேரில் பேசவையுங்கள், பிறகு நடுநிலையாளரோடு

முதல் வகை விஷயங்களுக்கும், இரண்டாம் வகையில் சிறியவற்றுக்கும் நேர்ப்பேச்சே முதல் மருந்து. மறுநாள் காலைக்குள் வேண்டாம், இரண்டு வாரத்துக்கு அப்பாலும் வேண்டாம். பேசுபவர் கண்டதையும் அதனால் நேர்ந்ததையும் மட்டும் சொல்லட்டும். ‘இறக்கத்தில் நீங்கள் என் முன்சக்கரத்துக்குக் குறுக்கே வந்தபோது நான் சாலையோர மண்ணில் இறங்க வேண்டியதாயிற்று’ என்ற வாக்கியத்துக்குப் பதில் சொல்ல முடியும். ‘நீங்கள் எப்போதுமே இப்படித்தான்’ என்பதற்குச் சண்டையைத் தவிர வேறு பதில் கிடையாது.

வாட்ஸ்அப் குழுவில் சண்டை மூண்டால் அட்மின் இருவரையும் தனியாக அழைத்துப் பேசுவதாக ஒரு வரி எழுதிவிட்டு, அந்தத் தலைப்பை அங்கேயே நிறுத்த வேண்டும். பதிவுகளைச் சத்தமில்லாமல் அழித்தால் யாருக்குச் சாதகமாக அழித்தார் என்ற புதிய பூசல் கிளம்பும். அழிக்க நேர்ந்தால் படமெடுத்து வைத்துக்கொண்டு, அழித்ததையும் காரணத்தையும் சொல்லிவிடுங்கள்.

நேர்ப்பேச்சில் தீராவிட்டால், இருவரும் ஏற்கும் மூன்றாம் நபர் உட்கார்ந்து பேசலாம். அவர் தீர்ப்புச் சொல்பவரல்லர். முதலில் ஒவ்வொருவரையும் தனியாகக் கேட்டு, பிறகு இருவரையும் சேர்த்து உட்காரவைத்து, இனி என்ன செய்வது என்பதில் மட்டும் உடன்பாடு தேடுவார். கடந்ததைப் பற்றிய உடன்பாடு பல நேரங்களில் கிட்டாது. கிட்டாமலேயே ஒன்றாக ஓட்டலாம். ‘மூன்று மாதத்துக்கு வேறு வேறு குழுக்களில் ஓட்டுகிறோம்’ என்பதும் முழுமையான தீர்வுதான்.

ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: தொல்லையோ மிரட்டலோ நடந்ததாகச் சொல்பவரை, அதைச் செய்ததாகச் சொல்லப்படுபவரின் முன்னால் உட்காரவைத்துச் சமரசம் பேசக் கூடாது. இருவரும் ஏறக்குறைய சம நிலையில் இருக்கும்போது மட்டுமே சமரசம் பயன்படும்.

ஐந்தாம் படி: முறையான புகாரை முறையாக நடத்துங்கள்

எழுத்தில் வந்த புகாருக்கு மூன்று நாட்களுக்குள், பெற்றுக்கொண்டதாகவும் அடுத்து என்ன நடக்கும் என்றும் பதில் அனுப்புங்கள். புகார் தருபவருக்கு எழுதுவது கடினமாக இருந்தால், அவர் சொல்லச் சொல்ல நலப் பொறுப்பாளர் எழுதி, படித்துக்காட்டி, ஒப்புதல் பெறட்டும்.

விசாரணைக்கு இயற்கை நீதியின் இரண்டு கோட்பாடுகள் போதும்: தன் வழக்கில் தானே நீதிபதியாக இருக்கக் கூடாது, மறுதரப்பைக் கேட்காமல் முடிவு சொல்லக் கூடாது. முதலாவதன்படி, சம்பவத்தில் தொடர்பில்லாத மூவர் விசாரிக்க வேண்டும். சிறிய கிளப்பில் எல்லோரும் எல்லோருக்கும் நண்பர்கள் என்றால், பக்கத்துக் கிளப்பிலிருந்தோ சைக்கிள் கூட்டமைப்பிலிருந்தோ ஒருவரைக் கேட்டுப் பெறுங்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. இரண்டாவதன்படி, புகாருக்கு ஆளானவருக்கு என்ன புகார் என்பது தெளிவாகத் தெரிய வேண்டும், பதில் தயாரிக்க நேரம் வேண்டும், துணைக்கு ஒருவரை அழைத்து வர உரிமையும் வேண்டும். ‘உங்கள்மீது சிலருக்கு வருத்தம் இருக்கிறது’ என்பது புகார் ஆகாது.

விசாரிப்பவர்கள் ஒவ்வொருவரிடமும் தாம் கண்டதையும் கேள்விப்பட்டதையும் பிரித்துச் சொல்லச் சொல்லி, அப்படியே பிரித்து எழுத வேண்டும். கிளப் நீதிமன்றம் அல்ல. எது நடந்திருக்க அதிக வாய்ப்புண்டு என்ற அளவுகோல் போதும். ஆனால் ‘அவர் அப்படிப்பட்டவர்தான்’ என்ற பேச்சைச் சான்றாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ‘அவர் அப்படிப்பட்டவரே அல்லர்’ என்பதையும் எடுத்துக்கொள்ளக் கூடாது. நடைமுறையில் இந்த இரண்டாவது பேச்சுதான் அதிகம் கேடு செய்கிறது. பலருக்கு நல்லவராக இருப்பவர் ஒருவரிடம் தவறாக நடந்துகொள்ள முடியும்.

விசாரணை முடியும்வரை ஒருவரை ரைடுகளிலிருந்து ஒதுங்கியிருக்கச் சொல்ல நேர்ந்தால், அது தண்டனை அல்ல என்பதையும் எந்தத் தேதியில் மறுபரிசீலனை செய்யப்படும் என்பதையும் எழுத்தில் கொடுங்கள். ஒரு மாதத்துக்குள் முடிவு சொல்ல முயலுங்கள்; தாமதமானால் இரு தரப்புக்கும் காரணத்தைத் தெரிவியுங்கள். செயலுக்கேற்றபடி வாய்மொழி எச்சரிக்கை, எழுத்து எச்சரிக்கை, ரைடு நடத்தும் பொறுப்பிலிருந்து விலக்கல், குறிப்பிட்ட கால இடைநீக்கம், நீக்கம் என்று நடவடிக்கை அமையலாம். மேல்முறையீட்டை வேறு ஆட்கள் கேட்க வேண்டும்.

ஒருவரின் நடத்தையைப் பொதுக்குழுவில் வாக்கெடுப்புக்கு விடும் வழக்கத்தை நான் கடுமையாக எதிர்க்கிறேன். பாதையையும் ஜெர்சியையும் வாக்கெடுத்து முடிவு செய்யலாம். நடத்தை பற்றிய வாக்கெடுப்பில் நண்பர்கள் அதிகமுள்ளவர் வெல்வார், அவ்வளவே.

ஆறாம் படி: பாதுகாப்பு பற்றிய விஷயத்தை உடனே உரியவரிடம் சேருங்கள்

சிறுவர் பற்றிய கவலை வந்தால் நலப் பொறுப்பாளர் செய்ய வேண்டியவை குறைவு, செய்யக் கூடாதவை அதிகம். குழந்தை சொல்வதை அதன் சொற்களிலேயே கேட்டு, அன்றே எழுதி, தேதியும் நேரமும் இட்டு, காவல்துறையிடமோ குழந்தைகள் பாதுகாப்பு அமைப்பிடமோ அறிவிக்க வேண்டும். திரும்பத் திரும்பக் கேள்வி கேட்கக் கூடாது; பதிலை வாயில் ஊட்டும் கேள்விகள் கூடவே கூடாது. குற்றம் சாட்டப்பட்டவரிடம் ‘இப்படி ஒரு பேச்சு வந்திருக்கிறது’ என்று நட்புக்காகச் சொல்வது குழந்தையையும் ஆபத்தில் தள்ளும், விசாரணையையும் கெடுக்கும். முன்னெச்சரிக்கையாக, சிறுவர் பங்குபெறும் எந்த ரைடிலும் குறைந்தது இரண்டு பெரியவர்கள் இருக்க வேண்டும். பயிற்சியாளர் சிறுவருக்குத் தனிப்பட்ட செய்தி அனுப்பாமல் பெற்றோரும் இருக்கும் குழுவில் மட்டுமே எழுத வேண்டும்.

பாலியல் தொல்லைக்கு ஆளான வயதுவந்தவர் விஷயத்தில், காவல்துறைக்குப் போவதா வேண்டாமா என்ற முடிவு பொதுவாக அவருடையது; வேறு எவருக்கேனும் ஆபத்து தொடர்ந்தாலோ, சட்டம் கட்டாயப்படுத்தினாலோ மட்டுமே அதில் மாற்றம் வரும். அதனால்தான் ‘நீங்கள் சொல்வதை எவரிடமும் சொல்லமாட்டேன்’ என்று நலப் பொறுப்பாளர் எப்போதும் வாக்குக் கொடுக்கக் கூடாது. ‘தேவைப்படுபவரிடம் மட்டுமே சொல்வேன், சொல்வதற்கு முன் உங்களிடம் தெரிவிப்பேன்’ என்பதே அவரால் காப்பாற்றக்கூடிய வாக்கு.

ஏழாம் படி: உடல்நலனில் ரைடு லீடரின் சொல்லே இறுதியாகட்டும்

விழுந்து தலையில் அடிபட்டவர் எழுந்ததும் முதலில் கேட்பது ‘என் வண்டிக்கு ஒன்றும் ஆகவில்லையே?’ என்பது; அடுத்துச் சொல்வது ‘எனக்கு ஒன்றுமில்லை, போகலாம்’ என்பது. மூளை அதிர்ச்சி ஏற்பட்டவரின் சொல்லை அவருடைய நிலைக்குச் சான்றாகக் கொள்ள முடியாது. நினைவிழந்தாரா, தலைசுற்றல், குமட்டல், பார்வை மங்கல் இருக்கிறதா, கேட்டதையே திரும்பக் கேட்கிறாரா, எந்தச் சாலையில் வந்தோம் என்று தெரிகிறதா என்று பாருங்கள். ஒன்றில் ஐயம் வந்தாலும் அன்று அவர் மீண்டும் வண்டியில் ஏறக் கூடாது, தனியாக வீட்டுக்குப் போகவும் கூடாது. தலைவலி கூடிக்கொண்டே போவது, திரும்பத் திரும்ப வாந்தி, வலிப்பு, கை கால் பலவீனம், எழுப்ப முடியாத மயக்கம் ஆகியவை தென்பட்டால் ஆம்புலன்ஸை அழையுங்கள். அறிகுறிகள் சில மணி நேரம் கழித்தும் தோன்றலாம் என்பதால் மாலையில் ஒருவர் அவரைக் கூப்பிட்டு விசாரிக்க வேண்டும். அடிவாங்கிய ஹெல்மெட்டில் விரிசல் கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் அதை மாற்றியாக வேண்டும்.

இங்கே நலனும் பூசலும் ஒன்றாகின்றன. ‘நான் ஓட்டுவதா வேண்டாமா என்று சொல்ல நீங்கள் யார்?’ என்ற கேள்விக்குச் சாலையோரத்தில் பதில் தேடக் கூடாது. உறுப்பினர் கையொப்பமிட்ட விதியிலேயே அந்த அதிகாரம் ரைடு லீடருக்குக் கொடுக்கப்பட்டிருக்க வேண்டும்.

வெயிலில் ஓட்டும்போது ஒருவர் குழம்பிப் பேசினாலோ தள்ளாடினாலோ அது வெப்பத் தாக்காக இருக்கலாம். ஆம்புலன்ஸை அழைத்துவிட்டு, அது வரும்வரை காத்திராமல் நிழலில் கிடத்தி, குளிர்ந்த நீரை உடலெங்கும் ஊற்றி விசிறுங்கள். உயிர் காப்பது குளிர்விக்கும் வேகம்தான். சுருண்டு விழுந்தவர் அழைத்தும் பேசாமல், இயல்பாக மூச்சும் விடாமல் இருந்தால், மார்பின் நடுவில் நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை 5 முதல் 6 சென்டிமீட்டர் ஆழத்துக்கு அழுத்த வேண்டும். இதைப் படித்து மட்டும் கற்க முடியாது. ஆண்டுக்கு ஒருமுறை பயிற்சி நடத்துங்கள். அவசரத் தொடர்பு எண் ஒவ்வொருவர் சட்டைப் பையிலும் தாளில் இருக்கட்டும், ஏனெனில் பூட்டிய கைபேசி அந்நேரத்தில் உதவாமல் போகலாம்.

எட்டாம் படி: சத்தமில்லாமல் விலகுபவர்களைக் கவனியுங்கள்

புகார் கொடுப்பவரை கிளப் கவனிக்கும். புகார் கொடுக்காமல் வருவதை நிறுத்திவிட்டவரைக் கவனிக்காது. தொடர்ந்து வந்துகொண்டிருந்தவர் ஒரு மாதமாகக் காணோம் என்றால் ஒருவர் அவரை அழைக்க வேண்டும். ‘ஏன் வரவில்லை?’ என்று கேட்டால் சாக்குதான் கிடைக்கும், ‘எப்படி இருக்கிறீர்கள்?’ என்று கேட்டுவிட்டு அமைதியாக இருங்கள். விபத்துக்குப் பிறகு இறக்கங்களைக் கண்டு அஞ்சுபவர், வேலையிழந்தவர், துக்கத்தில் இருப்பவர் என்று காரணம் எதுவாகவும் இருக்கலாம். அஞ்சுபவரோடு இருவர் மட்டும் சென்று, சமதளத்தில், குறைந்த தூரம் ஓட்டிவிட்டு வருவது பத்து அறிவுரைகளைவிடப் பயன் தரும்.

வாழ்க்கையை முடித்துக்கொள்ளும் எண்ணம் தொனிக்கப் பேசினால், அதைப் பற்றி நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. அவரைத் தனியாக விடாமல் மருத்துவ உதவியோடு இணைப்பதுவரைதான் உங்கள் பொறுப்பு. சிகிச்சை அளிப்பது உங்கள் வேலையல்ல.

உடல் எடையைப் பற்றிய கேலி சைக்கிள் உலகில் இயல்பாகிவிட்ட ஒரு தீங்கு. உழைப்புக்கேற்ப உண்ணாமல் ஓட்டுபவர்களுக்கு ஹார்மோன், எலும்பு, மாதவிடாய், மனநிலை எல்லாம் பாதிக்கப்படும் நிலையைச் சர்வதேச ஒலிம்பிக் குழு 2014-ல் தனிப்பெயரிட்டு விளக்கியது. அது ஆண்களையும் தாக்கும். ‘இரண்டு கிலோ குறைத்தால் ஏற்றம் எளிதாகும்’ என்ற அறிவுரையைக் கேட்காதவருக்குக் கொடுப்பதை நடத்தை விதிகளிலேயே தடுக்கலாம்.

பொறுப்பில் இருப்பவர்களும் உறுப்பினர்களே. ரைடு லீடர்கள் மாதத்தில் ஒரு வாரமாவது பொறுப்பில்லாமல் சும்மா ஓட்டட்டும். நலப் பொறுப்பாளரின் பதவிக்காலம் இரண்டு அல்லது மூன்று ஆண்டுகளுக்கு மேல் நீளக் கூடாது. கடினமான புகார் ஒன்றைக் கேட்ட பிறகு, பெயர்களைச் சொல்லாமல் மற்றொரு பொறுப்பாளரிடம் அவர் பேச வழி இருக்க வேண்டும்.

புகார்க் குறிப்புகளைப் பூட்டிய இடத்தில் அல்லது கடவுச்சொல் இட்ட கோப்பில், நலப் பொறுப்பாளர்கள் இருவர் மட்டும் பார்க்கும்படி வையுங்கள். தலைவர் கேட்டாலும் காரணமின்றிக் கொடுக்க வேண்டாம். சாதாரணப் புகார்களின் குறிப்புகளை எவ்வளவு காலம் வைத்திருப்பது என்று விதியிலேயே எழுதி, காலம் முடிந்ததும் அழியுங்கள். சிறுவர் பாதுகாப்பு பற்றியவற்றை மட்டும் சட்டத்தில் தேர்ந்தவரைக் கேட்காமல் அழிக்காதீர்கள். பொறுப்பு கைமாறும் நாளில் பழையவரும் புதியவரும் சேர்ந்து உட்கார்ந்து, முடியாத விஷயங்கள் எவை, இடைநீக்கம் முடிந்து திரும்பி வருபவர் எவர், அவர் வரும் முதல் ரைடில் பக்கத்தில் ஓட்டப் போகிறவர் எவர் என்பதைப் பேசி முடித்த பிறகே கடவுச்சொல்லை மாற்ற வேண்டும்.